சுண்டுவிரலில் எறும்பு

"கண்ண மூடிக்கோங்கம்மா. தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அந்த 'மட்டும்' எதற்கு என்று அவளுக்குத் தெரியும். போன முறை அவர் தொடுவதற்கு முன்பே இவள் முந்திக்கொண்டு "தெரியுது, தெரியுது" என்று சொல்லி, கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

அவள் கண்ணாடி வெட்டுகிறவள். ஆளுயரக் கண்ணாடி ஒன்று சரிந்து விழுந்ததில் முழங்கையின் உள்பக்கம் நரம்பு அறுந்துபோனது. தைத்தார்கள். மழைக்காலம் வந்து போனது, வெயிலும் வந்தது. முழங்கையிலிருந்து சுண்டுவிரல்வரை அந்த ஓரம் மட்டும் மரக்கட்டையாகவே கிடந்தது.

கண்ணாடியின் விளிம்போடு ஒட்டி ஓடுகிற விரல் அது. அதற்கு உணர்ச்சி இல்லையென்றால், வெட்டுப்படுவது கண்ணாடியா கையா என்றே தெரியாது.

இன்றைக்கும் ஒன்றும் தெரியவில்லையென்றால், கடையில் கண்ணாடியை நிறுத்திவிட்டு பிளாஸ்டிக் வாளி விற்கலாம் என்று கணவன் சொல்லியிருந்தான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அதனாலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாளியாம்!

கண்ணை மூடினாள். ஒன்றுமில்லை. உனக்கும் சேர்த்துத்தானே இத்தனை வருஷம் தின்றேன், வாயைத் திறந்தால் என்ன என்று மனசுக்குள் விரலைத் திட்டினாள்.

அப்போதும் ஒன்றுமில்லை.

பிறகு சுண்டுவிரல் நுனியில் சுருக்கென்றது. கூடவே எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு.

"சுண்டுவிரல்!" என்று கத்தினாள். "நுனியில. இப்ப. இதோ, மறுபடியும்!"

பக்கத்தில் நின்ற கணவன் அவள் தோளைப் பிடித்தான்.

"வேணாம்டி" என்றான், அழாத குறையாக. "அவர் உன் விரல் பக்கமே போகல."

கண்ணைத் திறந்தாள். டாக்டரின் விரல் அவளுடைய முன்கையின் நடுவில் நின்றது.

மானம் கப்பலேறியது. ஏதோ உளறிவிட்டேன் என்று சொல்லி எழுந்து போயிருக்கலாம். ஆனால் இந்த முறை அவள் பொய் சொல்லவில்லை.

"நீங்க எங்க வேணா தட்டுங்க. எனக்குத் தெரிஞ்சது விரல்லதான். யாருக்காகவும் மாத்திச் சொல்ல மாட்டேன்."

டாக்டர் பேனாவை எடுத்து, தட்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

"மாத்தாதீங்கம்மா" என்றார். "இதைக் கேக்கத்தான் தட்டினேன். அந்த நரம்போட உயிர் கையில இல்ல, கழுத்துக்குப் பின்னால இருக்கு. இங்க அறுந்ததுக்கு அங்க அது சாகல. புதுசா முளைச்சு இதுவரைக்கும் வந்திருக்கு. வழியில எங்க நிறுத்திக் கேட்டாலும், அது போற ஊரைத்தான் சொல்லும்."

கணவன் குனிந்து அந்தப் புள்ளியைப் பார்த்தான்.

அவள் கையை மேசைமேல் நன்றாக நீட்டி வைத்தாள். குரல் கணீரென்று வந்தது.

"இன்னும் ஓங்கித் தட்டுங்க டாக்டர். இவருக்கும் கேக்கட்டும்."