எழுபத்தொன்பதாவது கட்டம்

“‘வருக’ன்னு மூணே எழுத்து சார். பழைய வீடியோ கேம்ல வர்ற மாதிரி கட்டம் கட்டமா, தடிமனா வேணும். சரியா எழுபத்தொன்பது கட்டம்” என்றாள் வந்தவள்.

எழுத்து வடிவமைப்பாளர் எழுபத்தெட்டிலேயே கச்சிதமாக முடித்துக் காட்டினார்.

“ஒண்ணு குறையுதே?”

வேண்டாவெறுப்பாக ‘க’வின் வாலில் ஒரு கட்டத்தை ஒட்டினார். “பாருங்க, மூக்குல மரு முளைச்ச மாதிரி இருக்கு. எடுத்துடறேன்.”

“ஐயோ, எடுத்தா அழுவா!”

“யாரு?”

“அந்தக் கட்டம்தான்!”

நல்ல ஆளிடம் மாட்டிக்கொண்டோம் என்று அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

“நான் ஸ்கூல்ல பி.டி. டீச்சர் சார். ஆண்டு விழாவுல மூணாம் வகுப்புப் பிள்ளைங்க கறுப்புத் தொப்பி போட்டுக்கிட்டு மைதானத்துல எழுத்தா நிக்கப் போறாங்க. பெத்தவங்க மாடியிலேர்ந்து பார்ப்பாங்க. எழுபத்தெட்டுப் பேர்தான் இருந்தாங்க. நேத்து ஒருத்தி புதுசா சேர்ந்திருக்கா. அவளை மட்டும் எப்படி உட்கார வைக்கிறது?”

அவர் மறுபடி மவுஸைப் பிடித்தார். வாலிலிருந்த கட்டத்தை இழுத்து, ‘க’வைத் தாண்டித் தனியாக வைத்தார்.

“முற்றுப்புள்ளியா நிக்கட்டும் டீச்சர். அவ அம்மா கூட்டத்துல தேடவே வேண்டாம்.”