கிளிப்பச்சைத் துணிப்பை

பிளாஸ்டிக் பைகளை வாங்கிக்கொண்டு துணிப்பை கொடுத்துவந்த கல்லூரி மாணவி கௌசிகா கூப்பிட்டபோது, சரோஜினி கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகவே கேட்டாள்.

"ஆரு அனுப்புனாங்க உன்ன?"

"ஆரும் அனுப்பலீங்க. காலேஜ்ல இருந்து வர்றோம். பழைய சேலையில நாங்களே தெச்ச பைங்க."

கம்பிகளுக்கிடையே வந்த பையைச் சரோஜினி நம்பிக்கையில்லாமல் திருப்பிப் பார்த்தாள். இஸ்திரிப்பெட்டி சுட்ட ஓட்டையை மறைக்க அவளே தைத்த வெள்ளைப் பூ அந்தக் கிளிப்பச்சைத் துணியில் இருந்தது. மகள் சிந்துஜா காதலித்தவனோடு வீட்டைவிட்டுப் போன அன்று கட்டியிருந்த சேலை.

கதவு திறந்தது.

"இதை ஆரு கண்ணு குடுத்தது? எந்த ஊரு?"

பாதிக் கதவைத் திறந்து, தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு இந்தச் சேலையை நீட்டிய கர்ப்பிணிப் பெண்ணைக் கௌசிகா மறக்கவில்லை. 'நான் இங்க இருக்கறது ஆருக்கும் தெரியக்கூடாதுங்க' என்று அவள் கெஞ்சியிருந்தாள்.

"தெரியலீங்க" என்று கௌசிகா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"வாசல்ல ஆரு?" என்று உள்ளேயிருந்து சரோஜினியின் கணவர் அதட்டினார்.

சரோஜினி பையைச் சுருட்டி முந்தானைக்குள் மறைத்தாள். "ஆருமில்லீங்க, பிளாஸ்டிக் கேக்க வந்த புள்ளைங்க." பிறகு குனிந்து, மூச்சுக்காற்றாக மட்டும் கேட்டாள்: "நல்லா இருக்காளா?"

தலையசைத்தாலே எல்லாம் தெரிந்துவிடும். கௌசிகா அந்தக் கண்களையே பார்த்தபடி நின்றாள்.