முதலில் வரும் கடை

தொட்டிக்கடைக்காரர் கைபேசியை மேசைமேல் வீசினார். அது வழுக்கிக்கொண்டு போய்ப் பசைக் குழாய்களில் முட்டி நின்றது.

மீன் தொட்டி என்று இணையத்தில் தேடினால் இந்த ஊரில் முதலில் வருவது அவர் கடைதான். வந்துகொண்டிருந்தது. இப்போது இரண்டாவது. வேறு எவன் முதலில் வந்திருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார்.

வந்தது தம்பி கடை.

பசை சரியாகக் காய்வதற்குள் ஒரு தொட்டியை விற்று, அது வாங்கியவர் வீட்டுக் கூடத்தில் வெடித்து, அவசரப்பட்டது நீயா நானா என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆரம்பித்த சண்டை. தம்பி வெளியே போய் அடுத்த தெருவிலேயே கடை போட்டான். அதோடு பேச்சு நின்றது.

இது அவன் செய்த தில்லுமுல்லுதான் என்று கடைக்காரர் முடிவே கட்டிவிட்டார். ஆதாரம் ஒன்று கிடைத்தால் போதும், இன்றைக்கே வக்கீலிடம் போய் அவனைக் கோர்ட்டுக்கு இழுக்கப்போகிறார். அதற்காகச் சலவைச் சட்டையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அந்த ஆதாரத்தைத் தேடித் தரவேண்டியது வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண். வந்து உட்கார்ந்ததிலிருந்து அவளுக்கு அர்ச்சனைதான். காசு கொடுப்பது நான், வேலை பார்ப்பது அவனுக்கா என்று ஒருமுறை கேட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. மடிக்கணினியை மூடிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். மூலையில் வடிகட்டிக்கான பஞ்சை நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி, அவள் அண்ணி என்று கூப்பிடுகிறவள், பொறுத்துக்கொள் என்று கண்ணால் சொன்னாள்.

பொறுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாப் பக்கங்களும் திறந்தன. எதுவும் மெதுவாகவில்லை. வெளியாள் யாரும் உள்ளே புகுந்து எதையும் மாற்றியிருக்கவில்லை. வந்து பார்க்கிறவர்கள் கூட்டமும் குறையவில்லை, கொஞ்சம் கூடியே இருந்தது.

முகப்புப் படத்தில் மட்டும் அவள் கண் வழக்கம்போல் ஒரு கணம் நின்றது.

ஆளுயரத் தொட்டி ஒன்றின் முன்னால் கடைக்காரர் வாய்கொள்ளாமல் சிரிக்கிறார். அவர் இடது தோளில் நான்கு விரல்கள். விரல்களுக்கு உரியவர் படத்தில் இல்லை. யாரோ ஆத்திரத்தில் கத்தரித்த படம், கோணலாக இருந்தது. விரல்களையும் அழித்துவிடலாமே என்று முன்பு ஒருநாள் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள், இப்போது வாயைத் திறக்கவில்லை.

தன் கணினியில் மீன் தொட்டி என்று தேடினாள். அண்ணன் கடைதான் முதலில் வந்தது. அண்ணியின் கைபேசியை வாங்கித் தேடினாள். அதிலும் அண்ணன் கடைதான்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கச் சொல்லி அவர் மறுபடியும் கத்தினார். அவள் அவருடைய கைபேசியைக் கேட்டாள்.

அதில் என்ன இருக்கிறது, எதற்கு அது என்று அவர் பாய்ந்தார். அதற்குள் அண்ணி எழுந்து போய்க் குழாய்களுக்கு நடுவிலிருந்து அதை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டாள்.

தேடினாள். தம்பி கடை முதலில் வந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: இந்தப் பக்கத்தை நீங்கள் பலமுறை பார்த்திருக்கிறீர்கள்.

"உங்க கடை எங்கயும் இறங்கலண்ணா. உங்க போன்ல மட்டும்தான் இறங்கியிருக்கு. நீங்க தினமும் அங்க போறீங்கல்ல, உங்களுக்குப் பிடிச்ச கடைன்னு நெனச்சு அதுவே மேல தூக்கி வெச்சிருக்கு."

பிடித்த கடையா? மனிதர் துள்ளிக் குதித்தார். விலை பார்க்கப் போனாராம். தொழில் செய்கிறவன் எதிரி என்ன விலைக்கு விற்கிறான் என்று பார்க்கமாட்டானா? அதுகூடத் தெரியாமல் நீ என்ன படித்தாய்? வாங்கிய திட்டு போதாதென்று இதுவும் சேர்ந்ததில் அவளுக்கும் கோபம் தலைக்கேறிவிட்டது. அவர் போய்வந்த பக்கங்களின் வரிசையைத் திறந்தாள்.

விலைப் பக்கத்துக்கு அவர் ஒருநாள்கூடப் போகவில்லை.

போனதெல்லாம் ஒரே பக்கம். தம்பியின் தளத்தில் 'எங்களைப் பற்றி' என்ற பக்கம். தினமும் காலையில், கடை திறக்கிற நேரத்தில்.

அவர் கையை நீட்டுவதற்குள் அவள் அதைத் தொட்டுவிட்டாள்.

அதே ஆளுயரத் தொட்டி. அதே சிரிப்பு. தோளில் அதே நான்கு விரல்கள். இங்கே விரல்களுக்குப் பின்னால் கை இருந்தது, கைக்குப் பின்னால் தம்பி இருந்தான். அவனும் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தான். படத்தின் எந்த ஓரத்திலும் யாரும் கத்தரி வைக்கவில்லை.

அண்ணியின் கத்தரிக்கோல் சத்தம் நின்றிருந்தது.

வலைத்தளப் பெண் வேலையைப் பற்றியே பேசினாள். கைபேசி நினைவில் வைத்திருப்பதை ஒரு தட்டில் அழித்துவிடலாம், அழித்தால் அவர் கண்ணுக்கும் அவர் கடையே முதலில் தெரியும், அழிக்கட்டுமா என்று தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

அவர் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டார். ஒன்றையும் அழிக்கத் தேவையில்லை என்று எரிந்து விழுந்தார். முகம் இன்னும் சிவந்துதான் இருந்தது. வக்கீலைப் பற்றி மட்டும் பேச்சில்லை.

பிறகு திரையைக் கிட்டத்தில் கொண்டுபோய், படத்தின் ஓரங்களை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ஒருபக்கம் பார்த்து, மறுபக்கமும் பார்த்தார்.

"இன்னிக்கும் வெட்டல பாரு, ரோஷங்கெட்ட பய."