கால் வெட்டிய அடுப்பு

ஏற்காட்டில் அந்த எஸ்டேட் பங்களாவின் சமையலறைக்குள்ளேயும் பனி மிதந்துகொண்டிருந்தது. சேலத்திலிருந்து மாட்டுவண்டியில் புது இரும்படுப்பைக் கொண்டுவந்த மூக்கன், தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்த ஆராயியிடம் அதைக் காட்டினான்.

“நொம்ப உசரமுங்க. பழசு முழங்கால் உசரந்தான்,” என்றாள் அவள்.

“அந்த அளவுல எங்கயுமே கெடைக்கல. தொரைசாணி நின்னு சமைக்க இதுதான் தோது.”

“இந்த ஊட்டுல உக்காந்துதானுங்க சமையல்.”

“வெள்ளக்காரம்மா தரையில உக்காருவாங்களா? கனா கண்டியா? போயி அவங்களையே கூட்டியா!”

ஆராயி எழவில்லை, லேசாகச் சிரித்தாள்.

பனிக்குள்ளிருந்து துரை ரம்பத்தோடு வந்தார். “நம்ம கல்யாணத்தன்னிக்குப் பழைய அடுப்போட காலை அறுத்த மாதிரி இதையும் அறுத்துடட்டுமா, ஆராயி?”

மூக்கன் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

“முழங்கால் உசரந்தானுங்களே, தொரைசாணி?”