செங்கல்லுக்குப் பின்னால்

"டுவைட் வர்றான்னா இஞ்சி கேக்கா?"

ஓரின் கேட்ட கேள்விக்கு அவர் மனைவி நோர்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று முடியைச் சரி பண்ணிக்கொண்டிருந்தாள்.

"வேலை செய்ய வர்ற மனுஷன். வாய்க்கு ஏதாவது குடுக்க வேண்டாமா?"

"என் பொறந்தநாளுக்குக் கடையில வாங்கின கேக்குதான் வந்துச்சு."

"அதையும் நீ ஒரே ஆளா தின்னு தீர்த்தே."

ஓரினுக்கு வயிறு எரிந்தது. போதாததற்கு வீடு முழுக்கக் குளிர். விறகு எரிக்கிற இரும்புக் கணப்பு ஆறியிருந்தால்தான் டுவைட்டுக்கு வேலை செய்ய வசதி என்று சொல்லி, நாலைந்து நாளாக அதைப் பற்றவைக்கவே விடவில்லை நோர்மா. அவனுக்காக நான் கம்பளியைச் சுற்றிக்கொண்டு நடுங்க வேண்டுமாம்!

அந்த வெர்மான்ட் கிராமத்தில் யார் வீட்டில் விறகுக் கணப்பு வைப்பதென்றாலும் டுவைட்டைத்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட நாளில் அவர் நோர்மாவை நடனத்துக்குக் கூட்டிப்போனதை ஊரே மறந்துவிட்டது. பேரன் பேத்தி எடுத்த பிறகும் ஓரினுக்கு மட்டும் மறக்கவில்லை.

ஓரின் வீட்டுக் கணப்பு, பழைய பண்ணை ஒன்றில் ஏலத்தில் எடுத்தது. நல்ல கனத்த இரும்பு. ஆனால் யார் செய்தது, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கணும் என்று சொல்கிற தகடு அதில் இல்லை. காப்பீட்டுக்காரர் வந்து பார்த்து, "தகடு இல்லாத கணப்பு. விதிப்படி வெச்சுக் காட்டுங்க. இல்லேன்னா காப்பீட்டை ரத்து பண்ணிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அதை அங்கே வைத்தது ஓரின்தான். அறுவைச் சிகிச்சை முடிந்து நோர்மா வீடு திரும்பிய குளிர்காலத்தில், அவள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே கதகதப்பு இருக்கட்டும் என்று, பலகைச் சுவர்மேல் செங்கல்லை ஒட்டி, அதற்கு ஒரு சாண் முன்னால் கணப்பை வைத்தார். "எனக்காக என் வீட்டுக்காரர் கட்டினது" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள் நோர்மா.

வெளியே வண்டி வந்து நின்றது.

கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் ஓடினாள் நோர்மா. ஓரின் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டு ஏதோ மெதுவாகச் சொன்னாள். உள்ளே இருந்த டுவைட் தலையாட்டினார். அவள் அவர் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

பார்த்துக்கொண்டிருந்த ஓரினுக்குக் காது சிவந்தது.

டுவைட் உள்ளே வந்து அளவு நாடாவை இழுத்தார். "ஓரின், தகடு இல்லாததுக்கு மூணு அடி விடணும்."

"மூணு அடியா! அப்ப என் நாற்காலியை எங்க போடறது? வாசல்லயா?"

"போடேன். பனியை வேடிக்கை பாத்துக்கிட்டு உட்காரலாம்."

நோர்மா கலகலவென்று சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று ஓரின் யோசித்தார். யோசிக்க யோசிக்க எரிச்சல்தான் கூடியது.

"அதான் செங்கல் வெச்சிருக்கேனே!"

"செங்கல் சூட்டை வாங்கிப் பின்னாடி இருக்கற பலகைக்குக் குடுத்துடும் ஓரின். நடுவுல காத்து ஓடணும். ஒரு அங்குலம் தள்ளித் தகரம் அடிச்சா, கணப்பை ஒரு அடியிலயே வெக்கலாம்." பிறகு டுவைட் பைக்குள் எட்டிப் பார்த்தார். "நோர்மா, தகரத்தைத் தள்ளி நிறுத்தக் குழாய்த் துண்டு வேணும். டவுன் கடைவரைக்கும் போய் வாங்கிட்டு வர்றியா?"

"இதோ!" சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கார் சத்தம் மறைந்ததும் ஓரின் வெடித்தார். "என் பொண்டாட்டியை நீ ஏவறியா? நான் ஒரு காபி கேட்டா, கையில்லையான்னு கேக்கறவ அவ!"

டுவைட் செங்கல் இடுக்கில் உளியைச் செருகி நெம்பினார். ஒரு செங்கல் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது.

பின்னால் இருந்த பலகை கன்னங்கரேல் என்றிருந்தது. டுவைட் விரலால் அழுத்தினார். கரி உதிர்ந்தது.

"இந்தக் குளிர்காலம் தாண்டறதுக்குள்ள தீப்பிடிச்சிருக்கும்" என்றார்.

ஓரின் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பார்த்தார். நோர்மா மத்தியானத்தில் கண்ணயரும் நாற்காலி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வந்ததும் சொல்லிடு அவகிட்ட. நீ கட்டிக்கிட்டவன் உன்னை உயிரோட கொளுத்தப் பாத்தான்னு சொல்லு. ரெண்டு பேரும் சிரிங்க."

டுவைட் கருகிய பலகையை அறுத்தெடுத்தார். மிச்சம் மீதி இல்லாமல் வண்டியில் போட்டுத் தார்ப்பாயால் மூடினார். புதுப் பலகை வைத்தார். தகரத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு, பையிலிருந்து கை நிறையக் குழாய்த் துண்டுகளை எடுத்தார்.

ஓரின் எழுந்தேவிட்டார். "இதுதான் இருக்கே! அப்புறம் எதுக்குடா அவளைக் கடைக்கு அனுப்பினே?"

டுவைட் குழாய்த் துண்டுகளைக் கீழே வைத்தார்.

"சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். அவகிட்ட வாயைத் திறந்துடாதே. காலையில வண்டிகிட்ட வந்து நோர்மா சொன்னது இதுதான்: 'கணப்புச் சுவரோட மறுபக்கம், சமையலறையில, பழுப்பேறிப்போச்சு டுவைட். உள்ளே கருகியிருக்கும். செங்கல்லைப் பேர்க்கும்போது என்னை எங்கேயாவது அனுப்பிடு. எனக்காகப் பாத்துப் பாத்துக் கட்டினது. நான் அதைக் கண்ணால பாத்துட்டேன்னு தெரிஞ்சா, பாவம், அந்த மனுஷன் உடைஞ்சு போயிடுவான்.'"