இடைவேளையில் மார்கிரட்

நுவரெலியா மண்டபத்தில் ஏப்ரல் மாதம் முழுக்க ஜாஸ் கச்சேரி. இன்றைய இடைவேளையில், பின்வாசல் விளக்கடியில், ட்ரம்பெட் ஊதும் அலோசியஸின் முன் அவன் மனைவி மார்கிரட் வந்து நிற்கிறாள். சேலை ஓரத்தில் கல்லறை மண் ஈரமாய் ஒட்டியிருக்கிறது. அவளுடைய அப்பா இறந்த செய்தி காலையிலேயே கிடைத்தும், கச்சேரியில் தன் இடம் பறிபோகுமென்று அவன் தேயிலைத் தோட்டத்துக்குப் போகவில்லை. தோட்டத்து மாதா கோயிலின் ஒரே ட்ரம்பெட் அவன் கையில் மின்னுகிறது. "அடக்கம் பண்ணியாச்சுங்க. ஊத ஆளில்லாம சும்மாவே தூக்கிட்டுப் போனாங்க." "நாளைக்குக் கல்லறைக்கு வந்து ஊதுறேன், மார்கிரட்." "இனி யாருக்குங்க?" அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவனைச் சுடுகிறது. உள்ளே டிரம்ஸ் துள்ளத் தொடங்குகிறது. உதடுகளைத் துடைத்துக்கொண்டு மேடையேறுகிறான். அவன் ஊதத் தொடங்கியதுமே கூட்டம் கைதட்டுகிறது. திறந்த கதவின் வழியே, தூறலில் பஸ்ஸுக்கு நடப்பவள் காதுகளைப் பொத்திக்கொள்வது தெரிகிறது. அவன் ஊதிக்கொண்டேயிருக்கிறான்.