மாவுத் தடம்

யாரும் எட்டிப் பார்க்காத அந்தப் பாலைவனப் பூங்காவுக்கு வரப்போவதாக மங்கையர்க்கரசி போன் செய்தபோது, அங்கிருந்த காவலருக்கே நம்ப முடியவில்லை. "இங்க மணலைத் தவிர ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். "அதுக்குத்தான் வர்றேன்" என்றாள். கொண்டுவர வேண்டியதைத் தண்ணீர், தொப்பி என்று சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசியில், "கிளம்பறதுக்கு முன்னாடி உங்க ஷூத் தடத்தை ஒரு பேப்பர்ல பதிச்சு, வேண்டியவங்க யார்கிட்டயாவது குடுத்துட்டு வாங்க. நீங்க திரும்பலைன்னு அவங்க சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும். அந்தத் தடத்தை வச்சுத்தான் மணல்ல தேடுவோம்" என்றார். அவள் அரிசிமாவைக் கரைத்துப் புது ஷூவின் அடியில் தடவி, கறுப்புத் தாளின் மேல் ஏறி நின்றாள். தடம் வரிவரியாக, பிசகாமல் விழுந்தது. யாரிடம் கொடுப்பது என்று மாவு காயும்வரை யோசித்தாள். காய்ந்த பிறகும் யோசித்தாள். பிறகு எதிர்வீட்டு மணியை அடித்தாள். தினமும் லிஃப்டில் அவளோடு இறங்குகிற மனிதர் கதவைப் பாதி திறந்து, "யாரு வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார். "வீடு மாறி வந்துட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றாள். கிளம்புகிற அன்று காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்தத் தாளைத் தன் வீட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே, தடத்தின் நுனி கூடத்தைப் பார்த்திருக்கும்படி தரையில் வைத்தாள். யாரோ இப்போதுதான் உள்ளே வந்தது போலிருந்தது. விளக்கை அணைக்காமல், கதவை மெல்லச் சாத்திப் பூட்டினாள்.